தொடாமல் வைத்த ஐந்து ஜிபி

என் அம்மா போட்ட கணக்கு தப்பு என்று இதுவரை இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். முதலில் சொன்னவன் நான்தான். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். முதல் பட்டதாரி என்று தாலுகா ஆபீசில் சீல் போட்டுக் கொடுத்த சான்றிதழ் என் ஃபைலில் இருக்கிறது. அந்தத் தகுதியோடு இப்போது திருத்திச் சொல்கிறேன். அம்மாவின் கணக்கு சரி. தப்பு வேறு இடத்தில் இருக்கிறது.

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதி ஒன்றின் முனையில், புங்க மரத்தடியில் எங்கள் அயர்ன் வண்டி நிற்கிறது. அப்பாவும் அம்மாவும் மாறி மாறித் தேய்ப்பார்கள். கரிப்பெட்டிதான். சில வீடுகள் அன்றன்று துணி கொடுத்து அன்றன்று காசு கொடுக்கும். சில வீடுகள் மாத வீடுகள். ஒன்றாம் தேதியே மொத்தமாகக் கொடுத்துவிடுவார்கள். தினம் ஐந்து உருப்படி என்று பேச்சு. இந்த மாத வீடுகளுக்கு அம்மா வைத்திருக்கும் சட்டம் ஒன்று உண்டு. இன்றைக்கு இரண்டுதான் போட்டார்கள் என்றால் மூன்று மிச்சம். அது நாளைக்குச் சேரும். நாளைக்கும் போடவில்லையா, மறுநாளுக்குச் சேரும். வண்டிப் பலகையின் உள்பக்கம் கரியால் கோடு கிழித்து வைத்திருப்பாள். ஒருமுறை ஒரு வீட்டார் ஒரு வாரம் வடநாட்டு யாத்திரை போய் வந்து முப்பத்தைந்து உருப்படியை மூட்டையாகக் கொண்டுவந்து போட்டார்கள். அப்பா முகம் சுளித்தார். அம்மா பெட்டியை ஊதிக்கொண்டே சொன்னாள்: "காசு வாங்கியாச்சுல்ல? அவங்க போடாத துணி அவங்களோடதுதான். அத நான் எப்படி முழுங்குறது?"

இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. செல்போன் கம்பெனியும் இப்படித்தான் நடந்துகொள்ளும் என்று அம்மா நம்பினாள். நம்பியதில் எந்த மடத்தனமும் இல்லை.

செல்போன் நெட்டுக்கு எப்படிக் காசு பிடிக்கிறார்கள் என்று நான் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் அன்று அப்பாவின் போனில் பார்த்தேன். நெட் பேக் எதுவும் போடவில்லை, மெயின் பேலன்ஸ் மட்டும் இருந்தது. ரிசல்ட் பக்கம் திறப்பதற்குள் ஒரு ஷாம்பு விளம்பரம், ஒரு கார் விளம்பரம், ஓடும் எழுத்துகள் எல்லாம் வந்து இறங்கின. பேக் இல்லாமல் திறந்தால் வருகிற ஒவ்வொரு துணுக்குக்கும் பேலன்ஸிலிருந்து பிடிப்பார்கள். நான் கேட்டது என் மார்க்கை. என்னிடம் காசு பிடித்தது காருக்கும் சேர்த்து. மார்க் வந்தது, பேலன்ஸ் காலி. நல்ல சேதியை அக்காவுக்குச் சொல்லக்கூட வண்டிக்கு எதிரே இருந்த பால் கடைக்காரரிடம்தான் போன் வாங்கினோம்.

இப்போது அப்படி இல்லை, எல்லாம் பேக். இருபத்தெட்டு நாளைக்கு ஒரு ரீசார்ஜ், தினம் இவ்வளவு ஜிபி. "நமக்கு வருஷத்துக்குப் பன்னெண்டு மாசம், அவனுக்கு மட்டும் பதிமூணு" என்று ஒவ்வொரு ரீசார்ஜுக்கும் அப்பா சொல்வார். என் போனில் தினம் ஒன்றரை ஜிபி. அம்மாவின் போனில் ஒரு ஜிபி. லால்குடியில் கட்டிக்கொடுத்த அக்காவுக்குக் குழந்தை பிறந்த பிறகு வாங்கிய போன் அது. தினம் பதினொரு மணிக்கு வேலை கொஞ்சம் ஓயும்போது போனைக் கரிச்சாக்கின் மேல் சாய்த்து வைத்து அம்மா பேரனைப் பார்ப்பாள். அவனுக்கு அப்போது நாலாம் மாதம். திரையில் அவன் கொட்டாவி விட்டால்கூட அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டுவாள்.

டிகிரி முடித்து ஒன்றரை வருடம் வேலை தேடினேன். கடைசியில் ஒரு தனியார் நிறுவனத்திலிருந்து மெயில் வந்தது. சனிக்கிழமை பதினொரு மணி முதல் ஒரு மணி வரை ஆன்லைன் தேர்வு. மூன்று பகுதி. கேமரா முழு நேரமும் ஓட வேண்டும். தேறினால் நேர்காணல்கூடப் பேருக்குத்தான், வேலை உறுதி என்று போன வருடம் சேர்ந்த ஒருவன் சொன்னான். மேலூர் ரோட்டுப் பக்கம் எங்கள் ஒற்றை அறை வீட்டில், பள்ளிக்கூடத்தில் கிடைத்த இலவச லேப்டாப்பை போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துத்தான் எழுதியாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது சொன்னேன். "சனிக்கிழமை பரீட்சைக்கு டேட்டா நெறைய இழுக்கும்மா."

"எம்புட்டு இழுக்கும்?"

"ஒண்ணரை போதும்னு நெனைக்கிறேன். ரெண்டு இருந்தா நல்லது."

"ம்" என்றாள். ரசத்தை ஊற்றினாள். நானும் அதோடு மறந்துவிட்டேன்.

வியாழக்கிழமை அக்கா எனக்கு போன் செய்து பொரிந்தாள். "அம்மாவுக்கு என்னடா ஆச்சு? நாலு நாளா வீடியோல வர மாட்டேங்குது. புள்ள நேத்து குப்புற விழுந்துட்டான்டா! அம்மாதான் மொதல்ல பாக்கணும்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன், சும்மா கால்லதான் பேசுது."

அம்மாவிடம் கேட்டேன். "கல்யாண சீசன், பட்டுப் பொடவையா வருதுடா. கண்ண எடுத்தா தீஞ்சுரும்" என்றாள். நம்பினேன்.

சனிக்கிழமை பத்தரைக்கே தலை வாரி உட்கார்ந்தேன். லேப்டாப்பை இணைத்தேன். நான் செய்த தப்பு அங்கேதான். பல மாதமாக நெட் பார்க்காத லேப்டாப் அது. நெட் கிடைத்ததும் தன் பாட்டுக்கு உள்ளுக்குள்ளே அப்டேட் இறக்க ஆரம்பித்துவிட்டது. திரையில் ஒரு அடையாளமும் இல்லை. முதல் பகுதியை நன்றாக எழுதினேன். இரண்டாவது பகுதியில் ஆறாவது கேள்வியில் போனில் செய்தி வந்தது: இன்றைய டேட்டா நூறு சதவீதம் தீர்ந்தது, இனி குறைந்த வேகம். அந்த வேகம் எப்படி இருக்கும் தெரியுமா? வட்டம் சுற்றும். சுற்றிக்கொண்டே இருக்கும். கூடுதல் டேட்டா போடலாம் என்று போனைத் தொட்டால், காசு கட்டும் ஆப் திறப்பதற்கும் நெட் வேண்டும். அங்கேயும் வட்டம். கேமராவை விட்டு எழுந்தால் தேர்வு ரத்து.

மதியச் சோற்றுக்காக அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். "அம்மா, நெட்டு போச்சு!" என்று கத்தினேன்.

கதவு ஒரு சாண் திறந்தது. கை மட்டும் உள்ளே வந்தது. கேமராவில் பட்டுவிடக் கூடாது என்று தரையோடு தரையாகப் போனைத் தள்ளிவிட்டாள்.

"இந்தா. திங்கக்கெழமையிலேர்ந்து தொடாம வச்சிருக்கேன். அஞ்சு நாளு, அஞ்சு ஜிபி. இன்னைக்குள்ளது வேற இருக்கு. தாராளமா எழுது."

விளக்கிச் சொல்ல நேரமில்லை. அவள் போனில் இருந்தது அன்றைய ஒரு ஜிபி மட்டும். அதைப் போட்டேன். தேர்வு உயிர் பெற்றது. பாதியில் நின்றிருந்த அப்டேட்டும் கூடவே உயிர் பெற்றது. இருபது நிமிடம் ஓடியது. பிறகு அந்தப் போனிலும் அதே செய்தி. மூன்றாம் பகுதியின் முதல் கேள்வியைப் படித்துக்கொண்டிருக்கும்போதே தொடர்பு அறுந்தது, தேர்வு முடிந்தது என்று திரை சொல்லிவிட்டது.

"அதுக்குள்ள எப்படிடா தீரும்? நான் தொடவே இல்லயே!" அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"உன்ன யாரும்மா சேத்து வைக்கச் சொன்னா?" என்று எரிந்து விழுந்தேன். "அன்னன்னைக்கு ராத்திரி பன்னெண்டு மணியோட அது முடிஞ்சுரும். இதுகூடத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியாது. நான் சொல்லித் தந்ததில்லை. ரீசார்ஜ் மட்டும் செய்து கொடுத்தேன். அம்மா போனை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப திங்கக்கெழமை மிச்சம்?"

"போச்சு."

"செவ்வா?"

"அதுவும்தாம்மா."

"எங்க போச்சு?"

நான் லேப்டாப்பை மூடினேன்.

"காசு வாங்கிட்டான்ல? நான் எடுக்கலல்ல? அப்ப அது எங்க போச்சு? படிச்சவன்தானே நீ, சொல்லு."

ஒரு நொடி முன்னால் அவளுக்குத் தெரியாததற்காகக் கத்தினேன். இப்போது எனக்கே தெரியவில்லை. பேரன் குப்புற விழுந்ததைப் பார்க்காமல் அவள் எனக்காகச் சேர்த்து வைத்தது ஐந்து நாளும் நள்ளிரவில் யாரோ அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். அதை நான் இயற்கை நியதி மாதிரி அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. வெட்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் கோபமாக மாறியது, நல்ல கோபம்.

மறுதேர்வு கேட்டு நிறுவனத்துக்கு மெயில் போட்டேன். தொழில்நுட்பக் கோளாறு என்றால் மூன்று வேலை நாளுக்குள் நெட் கம்பெனியிடமிருந்து சான்று அனுப்புங்கள், பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது. கூடப் படித்த நண்பன் அவனாகவே வழி சொன்னான். "கரண்டு போச்சுன்னு எழுதுடா மாப்ள. நம்ம ஊர்ல கரண்டு போகாத சனிக்கிழமை ஏது? எவன் வந்து மீட்டரப் பாக்கப் போறான்?"

"கரண்டு போகலயே" என்றேன்.

"அரிச்சந்திரா, உனக்கு வேல கெடச்ச மாதிரிதான்" என்று வைத்துவிட்டான்.

திங்கட்கிழமை சான்று வாங்க தில்லை நகர் ஷோரூமுக்குக் கிளம்பினேன். அம்மாவும் செருப்பை மாட்டினாள். "நானும் வரேன். எம் போனுதானே." வண்டியை அப்பா பார்த்துக்கொண்டார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும். காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தபோது, கேட்க வேண்டியதை அம்மா வாய்க்குள் முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஏசி, கண்ணாடி, டோக்கன். எங்கள் முறை வந்ததும் கவுன்டரில் இருந்த பெண்ணிடம் விவரம் சொன்னேன். என் வயதுதான் இருக்கும். கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னது.

"சார், அன்னைக்கு நெட்வொர்க்ல எந்த ஃபால்ட்டும் இல்ல. உங்க பிளான் கரெக்டா ஒர்க் ஆகியிருக்கு. கோளாறே இல்லாம கோளாறுன்னு எப்படி சார் லெட்டர் குடுக்கிறது?"

அம்மா என்னைத் தள்ளிக்கொண்டு கவுன்டருக்கு முன்னால் வந்தாள்.

"ஏம் பாப்பா, நான் அயர்ன் வண்டி வச்சிருக்கேன். ஒரு வீட்ல மாசக் காசு வாங்கிட்டேன், தெனம் அஞ்சு துணி. அவங்க ரெண்டு நாளு போடல. மூணாம் நாளு பதினஞ்சு கொண்டாந்தா, அஞ்சத் தேச்சுட்டு பாக்கியத் தூக்கிக்கிட்டுப் போங்கன்னு சொல்லட்டுமா?"

அந்தப் பெண் சிரித்துவிட்டது. "அது துணிம்மா. இது டேட்டா. கேரி ஃபார்வேர்டு ஆகாது. போஸ்ட்பெய்டுல சில பிளான்ல ஆகும்."

"அது யாருக்கு?"

"மாசம் கூடக் கட்டுறவங்களுக்கு."

"ஓகோ. கூடக் கட்டுறவங்களுக்குக் கெட்டுப் போகாது, நமக்கு மட்டும் ஊசிப் போயிருமா?"

பின்னால் டோக்கனோடு நின்ற ஒரு பாய் "சரியாக் கேட்டீங்க" என்றார். செக்யூரிட்டி எங்களையே பார்த்தார். அந்தப் பெண் குரலைத் தாழ்த்தியது. "அம்மா, நானும் இதே பிளான்தான் போட்டிருக்கேன். எனக்கும் ராத்திரியோட போயிருது. நான் என்ன பண்ண?"

"ஒன்னயக் கேக்கலத்தா. நீ என்ன பண்ணுவே. ஆனா நான் கேட்டத எழுதிக்க. எம் பேர்ல எழுது."

"என்னன்னும்மா எழுத?"

"நான் தொடாத அஞ்சு ஜிபி எங்க போச்சுன்னு."

எழுதிக்கொண்டது. புகார் எண் அம்மாவின் போனுக்கு வந்தது. சான்று மட்டும் வரவில்லை.

மறுநாள் வண்டியில் அப்பா இந்தக் கதையை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மாத வீட்டு மாமி ஒருவர் துணி வாங்க வந்தவர் கேட்டுவிட்டு உச்சுக் கொட்டினார். "ஏண்டாப்பா, மொதல்லயே சொல்லப்படாதோ? எங்காத்துல வைஃபை சும்மாத்தானே கெடக்கறது. மறுபடி எழுதச் சொன்னா வந்து எழுதிக்கோ. கேட் பக்கத்துல ஒரு நாற்காலி போடச் சொல்றேன். சிக்னல் வாசல் வரைக்கும் நன்னா வரும்."

நல்ல மனசோடு சொன்னார், சந்தேகமில்லை. ஆனால் அந்த வீட்டின் பீரோ வரைக்கும் என் அம்மா தேய்த்த துணி போகிறது. இருபது வருடமாக நாங்கள் கேட் வரைக்கும்தான். சிக்னலும் நானும் சந்திக்க வேண்டிய இடம் வாசல் என்று அவருக்கு யோசிக்காமலே தோன்றியிருக்கிறது.

"வேணாங்க மாமி. நான் எங்க வீட்லயே எழுதிக்கிறேன்."

மாமி போனதும் அம்மா திட்டினாள். "காத்துல வர்றதுக்கு என்னடா கௌரவம்? ரெண்டு மணி நேரம் கேட்டுல உக்காந்தா கொறஞ்சா போயிருவே?"

"ஆமா, கொறஞ்சுதான் போவேன்" என்றேன். அப்பா பெட்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அன்று மதியம் அவர் பங்கு வடையில் பாதி எனக்கு வந்தது.

அன்று சாயங்காலம் வண்டி பக்கத்தில் துணி மூட்டை மேல் உட்கார்ந்து நிறுவனத்துக்குப் பதில் கடிதம் எழுதினேன். கெடு மறுநாள். கரண்டு போனது என்று எழுதவில்லை. இப்படி எழுதினேன்:

"என்னிடம் சான்று இல்லை. ஏனென்றால் கோளாறு எதுவும் நடக்கவில்லை. எல்லாம் விற்றபடி சரியாக வேலை செய்திருக்கிறது. என் அம்மா ஐந்து நாள் தொடாமல் வைத்த டேட்டா, அவர் காசு கட்டியது, ஒவ்வொரு நள்ளிரவும் சரியாகக் காலாவதியாகியிருக்கிறது. என் லேப்டாப் நான் கேட்காத அப்டேட்டைச் சரியாக இறக்கியிருக்கிறது. அதை நிறுத்தி வைக்காதது என் தவறு. வீட்டில் கேபிள் நெட் உள்ளவர்களும் தினம் அளந்து ஊற்றப்படுகிறவர்களும் ஒரே தேர்வை எழுதுகிறோம் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மறுவாய்ப்பு தந்தால் எழுதுவேன். தராவிட்டாலும் இந்தக் கடிதத்தில் ஒரு வரியையும் மாற்ற மாட்டேன்."

இரண்டு போனிலும் வந்த தீர்ந்துபோன செய்திகளைப் படம் எடுத்து இணைத்தேன். அனுப்பு என்பதை அழுத்தினேன். திமிராக எழுதிவிட்டோமோ, ஒன்றரை வருடத்தில் வந்த ஒரே வேலையைக் கெடுத்துக்கொண்டோமோ என்று மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

நாலாம் நாள் வந்த பதில் இரண்டே வரி. அடுத்த சனிக்கிழமை பதினொரு மணிக்கு மூன்றாம் பகுதியை மட்டும் எழுதலாம். போதிய இணைய வசதியை உறுதி செய்துகொள்ளவும்.

அந்த ஒரு வாரம் எங்கள் வீட்டில் நடந்ததுதான் வேடிக்கை. அம்மா சட்டத்தைத் தலைகீழாக மாற்றிவிட்டாள். "இனிமே ஒரு பொட்டு விடக் கூடாது அவனுக்கு" என்றாள். விடிந்ததும் வீடியோவைப் போட்டுவிடுவாள். பேரன் அங்கே தூங்கினாலும் போன் இங்கே ஓடும். அக்காவுக்கு வண்டியைக் காட்டினாள், புங்க மரத்தைக் காட்டினாள், கரி கனிவதைக் காட்டினாள், பால் கடைக்காரரைக் காட்டி வணக்கம் சொல்ல வைத்தாள். "போதும்மா, நான் குளிக்கணும்" என்று அக்கா கெஞ்சுவாள். "போனை அங்கயே வச்சுட்டுப் போ. புள்ளயப் பாத்துக்கிட்டிருக்கேன்." சாயங்காலம் தீர்ந்ததற்கான செய்தி வந்தால் என்னிடம் படிக்கச் சொல்லிக் கேட்பாள். நூறு சதவீதம் என்றதும் முகம் மலரச் சிரிப்பாள். குழந்தை அந்த வாரம் எட்டு முறை குப்புற விழுந்தான். எட்டையும் பார்த்துவிட்டாள்.

சனிக்கிழமை நான் அப்டேட்டை நிறுத்தி வைத்தேன், கூடுதல் டேட்டாவை முன்கூட்டியே போட்டேன். எங்கள் ஒற்றை அறையில், எங்கள் சுவரை கேமராவுக்குக் காட்டியபடி எழுதினேன். இருபது நிமிடம் மிச்சம் இருக்கும்போதே முடித்தேன். தேறினேன். இப்போது அந்த நிறுவனத்தில்தான் இருக்கிறேன். கடிதத்தைப் பற்றி அங்கே யாரும் என்னிடம் பேசியதில்லை. நானும் நன்றி சொல்லவில்லை. என் மார்க் எனக்குக் கிடைத்தது, அவ்வளவுதான்.

அம்மாவின் புகார் இன்னும் முடியவில்லை. ஷோரூம் போய் வந்து பத்து நாள் கழித்து அவள் போனுக்கு ஓர் அழைப்பு வந்தது. பதிவு செய்த பெண் குரல். "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. திருப்தி என்றால் ஒன்றை அழுத்தவும். இல்லை என்றால் இரண்டை அழுத்தவும்."

"தீத்துட்டாங்களா? எங்க போச்சுன்னு சொன்னாங்களா?" என்று என்னைக் கேட்டாள்.

"சொல்லலம்மா."

"எது இல்ல?"

"ரெண்டு."

பெட்டியை வைத்துவிட்டு, சூடு பட்டுத் தடித்த கட்டைவிரலால் இரண்டை அழுத்தினாள். ஒரு தடவை அழுத்தினால் போதும் என்றேன். கேட்கவில்லை. அதற்குப் பிறகு அந்தக் குரல் நான்கு முறை வந்துவிட்டது. இப்போதெல்லாம் என்னைக் கேட்பதில்லை. குரல் "உங்கள் புகார்" என்று ஆரம்பிக்கும்போதே அம்மாவின் விரல் இரண்டின் மேல் இருக்கிறது.